நாரையைப் பார்க்காதவள்

அத்தியாயம் 14

நிலவறையில் டைல்ஸ் கட்டர் சாய்த்து வைத்திருந்த மூலை காலியாகக் கிடந்ததை வியாழக்கிழமை இஸ்க்ரா பார்த்தாள். அன்று சாப்பாட்டின்போதே கணவனிடம் கேட்டும் விட்டாள். வில்சனுக்கு இரவல் கொடுத்திருப்பதாகக் கலின் சொன்னான். வில்சன் அவனோடு டைல்ஸ் பதிக்கும் ஈக்வடார்க்காரன். நல்ல மனிதன்தான், ஆனால் இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த வரலாறு அவனுக்குக் கிடையாது. கட்டர் போனது போனதுதான் என்று இஸ்க்ரா விட்டுவிட்டாள்.

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. கவலை என்பதுகூடச் சரியில்லை, ஆசை. மாட்ரிட்டின் வயேகாஸ் பகுதியில் அவர்கள் இத்தனை காலம் வாடகைக்கு இருந்த வீடு திங்கட்கிழமை அவர்களுடையதாகப் போகிறது. வீட்டுக்கார அம்மாள் கொன்சுவேலோ விற்கிறாள், இவர்கள் வாங்குகிறார்கள். காலை பத்து மணிக்கு நோட்டரி முன்னால் புருஷன் பெண்டாட்டி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பல்கேரியாவில் விதின் ஊரிலிருந்து இரண்டே பெட்டிகளோடு மாட்ரிட்டில் வந்து இறங்கியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

விதினில் இருக்கும் கலினின் அண்ணன் போயனுக்கு வேறு யோசனை. அவன் தன்யூப் ஆற்றங்கரையில் தங்கும் விடுதி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறான். தம்பி வந்து கூட நிற்க வேண்டும் என்று குளிர்காலம் முழுக்கப் போனில் அரித்தெடுத்தான். முடியாது என்று சொல்லிவிட்டதாகக் கலின் மனைவியிடம் சொல்லியிருந்தான். யாரிடமும் எதையும் முடியாது என்று சொல்லி அறியாத மனிதன் அப்படிச் சொன்னபோதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆசை வந்து உட்கார்ந்த இடத்தில் அறிவு கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயிலோடு விடிந்தது. மார்ச் மாதத்தைக் கோபக்காரக் கிழவி என்பார்கள் பல்கேரியர்கள். சிரித்தால் வெயில், சீறினால் பனி. கிழவி அன்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

இஸ்க்ரா சீஸ் வைத்துச் சுட்ட பனித்சாவைத் துண்டு போட்டுத் துணியில் சுற்றினாள். அவித்த முட்டை, ரொட்டி, குடமிளகாய்த் துவையல், கலினுக்கு ஒரு பியர் என்று பை நிறைந்தது. இந்த ஒரு ஞாயிறுக்காக அவள் வருடம் முழுக்கக் காத்திருப்பாள் என்று சொன்னால் மிகை இல்லை.

மார்ச் முதல் தேதி பல்கேரியர்கள் ஒருவர் கையில் ஒருவர் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கட்டிவிடுவார்கள். செங்கால் நாரையையோ பூத்த மரத்தையோ கண்டதும் அதை அவிழ்த்து ஒரு மரத்தில் கட்டி, மனதுக்குள் ஒன்று வேண்டிக்கொள்வார்கள். பார்க்காமல் அவிழ்க்கக் கூடாது. பார்த்த பிறகு கையில் வைத்திருக்கவும் கூடாது. ஊரில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. மாட்ரிட்டிலோ பாதாம் மரங்கள் பிப்ரவரியிலேயே பூத்துத் தொலைக்கின்றன. முடிச்சுப் போட்ட கையோடு அவிழ்த்துவிட வேண்டியதுதான். அதனால் இந்த வீட்டில் முதல் வருடமே சட்டம் போட்டாகிவிட்டது. பூ எதுவும் கணக்கில்லை, நாரை மட்டும்தான். நாரையைப் பார்க்கப் புறநகர் ரயிலேறி அல்கலாவுக்குப் போக வேண்டும். மார்ச்சில் முதலில் வெயிலடிக்கும் ஞாயிறு அதற்கென்றே ஒதுக்கியது.

இந்த வருடத்து நூல்களை இஸ்க்ராவே பின்னினாள். துணி திருத்தும் கடையில் வேலை செய்பவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. மகள் நெவேனா சின்னப் பெண்ணாக இருந்தபோது அறுந்துபோன வளையலின் நீல மணிகள் அவளுடைய மேஜை இழுப்பறையில் கிடந்தன. அவற்றில் மூன்றை எடுத்து, நூலுக்கு ஒன்றாகக் கோத்தாள். கலினுக்கு ஒன்று, நெவேனாவுக்கு ஒன்று. தன்னுடையதைக் கலின் கையில் கொடுத்துக் கட்டச் சொன்னாள். அவன் போட்ட முடிச்சு மூட்டை கட்டியதுபோல இருந்தது.

நெவேனாவுக்கு இப்போது பதினாறு வயது. இந்த ஞாயிறு அவள் வரவில்லை. பரீட்சை என்றாள். இரவு உடையோடு வாசல்வரை வந்து, அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

"இப்படியே வெச்சுக்கப்பா. வெயிலை நம்பாத, ரயில்ல குளிரும்."

பெண்ணுக்கு அப்பாமேல் எவ்வளவு அக்கறை என்று இஸ்க்ரா பூரித்துப் போனாள்.

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. எதிரே ஒரு குடும்பம் பந்தும் சைக்கிளுமாக ஏறிப் பாதி வழியை அடைத்துக்கொண்டது. மாட்ரிட்டே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெயிலுக்குக் கிளம்பியிருந்தது. இஸ்க்ரா வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். பால்கனிக் கம்பிக்கு வர்ணம் அடிக்க வேண்டும், கொன்சுவேலோவின் பழைய அலமாரியைத் தூக்கிப் போட வேண்டும், சமையலறைத் தரையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். என்ன டைல்ஸ் போடலாம் என்று கேட்டாள். உனக்குப் பிடித்ததைப் போடலாம் என்றான் கலின்.

ஊரார் வீட்டுக் குளியலறைக்கே நான்கு மாதிரிகளைத் தரையில் பரப்பி, சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறவன் அவன். சொந்த வீட்டுச் சமையலறைக்கு அவனுக்கு ஒரு கருத்தும் இல்லை. தூக்கக் கலக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அல்கலாவில் இறங்கியதும் இஸ்க்ரா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். அது அவர்களுடைய இரண்டாவது சட்டம். அந்த ஊரில் கோபுரம் கண்ட இடமெல்லாம் நாரைக் கூடு, ஸ்டேஷன் வாசலிலேயே நிமிர்ந்தால் எல்லாம் முடிந்துவிடும். ஆற்றங்கரையில் அவர்களுடைய பிளம் மரத்தடிக்குப் போய், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்க்க வேண்டும். அதுவரைக்கும் தரையைத்தான் பார்க்கலாம். வெர்முத் மதுவும் ஆலிவ் காயுமாக வெயிலில் உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர்கள், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல நடக்கும் இந்த ஜோடியை ஒவ்வொரு வருடமும் வேடிக்கை பார்த்தார்கள். விளக்குக் கம்பத்தில் ஒரு தடவையாவது முட்டிக்கொள்ளாமல் அவர்கள் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

இந்தத் தடவை அப்படி ஆகவில்லை. கலின் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, படி இருக்கிறது, கம்பம் வருகிறது, நாய் வருகிறது என்று சொல்லிச் சொல்லி அழைத்துப்போனான். நாய்க்குக்கூட இடம் விட்டுப் போனார்கள். இவ்வளவு பொறுப்பான புருஷனா என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இன்னொன்றும் நடக்கவில்லை. விதினின் நாரைகள் ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்பும், அல்கலாவின் நாரைகளோ குளிர்காலத்திலும் ஊரைவிட்டு நகர்வதில்லை. இதுங்களுக்கு இங்கே வேலை நிரந்தரமாகிவிட்டது என்று கலின் ஒவ்வொரு வருடமும் ஒரே ஜோக்கைச் சொல்வான், இஸ்க்ராவும் ஒவ்வொரு வருடமும் சிரிப்பாள். இன்று பாலம் தாண்டியும் அந்த ஜோக் வரவில்லை.

பிளம் மரம் வெள்ளையாகப் பூத்து நின்றது. குனிந்த தலையோடு வந்தவளுக்கு முதலில் தெரிந்தது அதன் தாழ்ந்த கிளை. போன வருடத்து நூல்கள் மூன்றும் வெளுத்துப்போய் அதில் தொங்கின. பக்கத்தில் வெளுக்காமல் ஒன்று இருந்தது. சிவப்பு சிவப்பாக, வெள்ளை வெள்ளையாக, நடுவில் ஒரு நீல மணி.

இஸ்க்ரா பையைக் கீழே வைத்தாள். நூலைத் தொட்டுப் பார்த்தாள். தன் கை செய்தது தனக்குத் தெரியாதா?

"இது நான் உனக்குக் கட்டினது," என்றாள்.

கலின் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவள் அவன் கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளினாள். அங்கேயும் சிவப்பு வெள்ளை நூல் இருந்தது. அதிலும் ஒரு நீல மணி.

"எப்ப வந்த இங்க?"

"புதன்கிழமை."

"புதன்கிழமை நீ வேலைக்குப் போன."

"அரை நாள்தான் போனேன்."

புதன்கிழமை என்றதுமே அவளுக்கு மற்றது புரிந்துவிட்டது. மித்கோவின் வேன் அல்கலாவிலிருந்து விதினுக்குக் கிளம்புவது புதன்கிழமைதான். சுற்று வட்டாரத்துப் பல்கேரியர்களின் பழைய சோபா, சலவை இயந்திரம், பேரப்பிள்ளைக்குப் பொம்மை எல்லாம் அதில்தான் ஊருக்குப் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், மறைத்த இடத்தில் தானே அடையாளத்துக்கு நூலும் கட்டிவைத்திருந்தான்.

"கட்டர் வில்சன்கிட்ட இல்ல."

"இல்ல."

"ரசமட்டம்?"

"எல்லாமே போயிடுச்சு இஸ்க்ரா. பூச்சுக் கரண்டிகூட."

அவள் துணியை விரித்து உட்கார்ந்தாள். பனித்சாவைப் பிரித்து ஒரு துண்டை எடுத்தாள். பசி இல்லை, கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அக்கரையில் குழந்தைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ கிட்டார் வாசித்தார்கள், மோசமாக.

கலின் நின்றபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். போயன் போனில் கேட்டபோது வாய் தானாகச் சரி என்று சொல்லிவிட்டது. அன்று சாயங்காலமே வீட்டைப் பற்றி இஸ்க்ரா கேட்டாள், அவளுக்கும் சரி என்றான். அண்ணனுக்குச் சொன்ன சரியை வாபஸ் வாங்கத் தைரியம் வரவில்லை, மனைவிக்குச் சொன்னதை வாபஸ் வாங்க மனசு வரவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக ஒரு குளிர்காலம் முழுக்க நின்றிருக்கிறான். சாமான்களை முதலில் அனுப்பச் சொன்னான் போயன். சாமான்தானே, ஆள் இல்லையே என்று அனுப்பிவிட்டான்.

"நாளைக்குப் பத்து மணிக்கு?" என்று கேட்டாள் இஸ்க்ரா.

"வர்றதாத்தான் இருந்தேன்."

"வந்து கையெழுத்துப் போட்டுட்டு, அப்பறம் ஊருக்கா?"

"ரெண்டுல ஏதாவது ஒண்ணு தானா நின்னு போயிடும்னு நெனச்சேன்."

இப்படி நினைப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று இஸ்க்ராவுக்கு எப்போதும் தெரியும். தெரிந்தும் வலித்தது. அவன் போக நினைத்ததுகூட அவ்வளவு வலிக்கவில்லை. ரயிலில் அவளைப் பால்கனிக்கு வர்ணம் அடிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தானே, அதுதான் வலித்தது.

"ஏன்னு சொல்லு. போயன் கேட்டான்னு சொல்லாத. அது அவன் காரணம்."

கலின் மெதுவாகக் குனிந்து துணியின் ஓரத்தில் உட்கார்ந்தான். உட்கார அவனுக்கு மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"பாத்தியா? இதுதான். முட்டி போட்டா எழுந்திருக்க முடியல. வில்சன்தான் கை குடுத்துத் தூக்கி விடறான். நாளைக்கு முப்பது வருஷக் கடனுக்குக் கையெழுத்துப் போடணும். யாரோட முட்டிய நம்பிப் போடறது? அங்க போனா நின்னுக்கிட்டே வேல வாங்கலாம்."

"இத எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீ சந்தோஷமா இருந்த."

அவளால் கோபப்படவும் முடியவில்லை, படாமலிருக்கவும் முடியவில்லை. முட்டை ஒன்றை உரித்து அவன் பக்கம் தள்ளினாள். தனக்கு உரித்துக்கொள்ளவில்லை.

நூலைப் பற்றி அவனே சொன்னான். மித்கோவோடு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது சர்ச் கோபுரத்தைக் காட்டி, அதோ பார் என்றான் மித்கோ. பார்த்துவிட்டான். பார்த்த பிறகு நூலைக் கையில் வைத்திருக்கக் கூடாதே. அங்கேயே பக்கத்தில் மரங்கள் இருந்தன. ஆனாலும் இவ்வளவு தூரம் நடந்து வந்து இங்கேதான் கட்டினான்.

"பொய் சொல்றவன் மரத்தையாவது மாத்தியிருக்கணும்," என்றாள் இஸ்க்ரா.

"வேற மரத்துல கட்ட வரல."

மனைவியை ஏமாற்றத் துணிந்தவனுக்கு நாரையை ஏமாற்றத் துணிச்சல் இல்லை. இதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் தான் அழுதிருப்பது அவளுக்கே தெரிந்தது.

மேலே எங்கோ நாரை அலகை அடிக்கும் சத்தம் கேட்டது. உலர்ந்த மூங்கில் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டுவதுபோல, விடாமல்.

"வந்திருக்கு," என்றான் கலின். "எதிர்ல அந்தப் பெரிய மரத்துல. நிமிந்து பாரு."

இஸ்க்ரா நிமிரவில்லை. பார்த்தால் நூலை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் வேண்டிக்கொள்ள வேண்டும். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது அவள் வேண்டுதல் தயாராக இருந்தது, வீடு. இப்போது வீட்டை வேண்டுவதா, இந்த மனிதனை வேண்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்க ஒரு நூலில் இடமில்லை.

"நான் இன்னும் நாரையப் பாக்கல," என்றாள்.

"தலைக்கு மேல கத்துது."

"சத்தம் கணக்கில்ல."

அவள் எழுந்து துணியை உதறி மடித்தாள். பியரைத் திறக்காமலே பையில் போட்டாள். பிறகு தரையைப் பார்த்தபடியே, ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவன் காதில் விழும்படி சொன்னாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நான் போவேன். வந்தா வா, வராட்டிப் போ. ஆனா சரின்னு ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லணும். எனக்கோ போயனுக்கோ, யாருக்குங்கறத நீயே முடிவு பண்ணு."

கலின் தலையை ஆட்டினான். பல்கேரியன் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம், ஸ்பானியன் ஆட்டினால் இல்லை. இத்தனை வருடம் இங்கே இருந்து இரண்டையும் கலந்தடித்துக்கொண்டிருந்தான் அவன். அவள்தான் குனிந்திருந்தாளே, எதையும் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் முழங்கையைப் பிடிக்க வந்தான். அவள் கொடுக்கவில்லை. ஒரு கம்பத்தில் தோளை இடித்துக்கொண்டாள். வெயிலில் உட்கார்ந்து நீட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவருடைய காலை மிதித்து மன்னிப்புக் கேட்டாள். சதுக்கத்தைத் தாண்டும்போது அவள் முன்னால் கல்தரையில் ஒரு பெரிய நிழல் ஓடியது. நீண்ட சிறகு, நீட்டிய கழுத்து, பின்னால் இரண்டு கால்கள். அது போகும்வரை இஸ்க்ரா நின்றாள். நிழலும் கணக்கில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். கலின் ஓரடி பின்னால் வந்தான்.

ரயில் காலியாக இருந்தது. ஊரார் யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் வெயிலை விட்டு வர மனமில்லை. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மறைக்க இனி ஒன்றும் இல்லை என்பதால் கலின் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தான். சாய்ந்த வெயில் அவன் மணிக்கட்டில் விழுந்தது.

வேறு எங்கும் பார்க்கப் பிடிக்காமல் இஸ்க்ரா அந்த நூலைப் பார்த்தாள். மரத்தடியில் அதை ஒழுங்காகப் பார்க்கவில்லை. கட்டரும் போயனும் முட்டியும் சேர்ந்து அவள் கவனத்தைத் தின்றுவிட்டன. இப்போது கடையில் துணியைப் பார்க்கும் கண்ணோடு பார்த்தாள். நான்கு இழைப் பின்னல், இழைக்கு இழை ஒரே இறுக்கம். முடிச்சு உள்பக்கம் திரும்பி, வெளியே தெரியாமல் அடங்கியிருந்தது. மூட்டை கட்டுகிறவன் போட்ட முடிச்சு இல்லை அது. அந்த உள்முடிச்சை இஸ்க்ரா தன் அம்மாவிடம் கற்றுக்கொண்டாள். இஸ்க்ரா அதைக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒருத்திக்குத்தான்.

நீல மணி எந்த இழுப்பறையில் கிடக்கிறது என்பதும் கலினுக்குத் தெரிய நியாயமில்லை.

காலையில் வாசலில் சட்டைக் கையை இழுத்துவிட்ட விரல்கள் அவள் கண் முன்னால் வந்தன. அக்கறை என்று பூரித்தாளே.

"கலின். இந்த ரெண்டாவது நூல யார் கட்டிவிட்டா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்று, யாரும் ஏறாமல் மறுபடி கிளம்பியது.

கைப்பையில் போன் அதிர்ந்தது. நெவேனாதான். ரெண்டு பேரும் நாரை பாத்தாச்சா என்று கேட்டிருந்தாள். கூடவே ஒரு சிவப்பு இதயம், ஒரு வெள்ளை இதயம்.

இஸ்க்ரா நிதானமாக, எழுத்துப் பிழை இல்லாமல் பதில் எழுதினாள். "அப்பா புதன்கிழமையே பாத்துட்டாரு, உனக்குத் தெரியுமே. நான் இன்னும் பாக்கல. நீ யார் பக்கம்?"

நெவேனா எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று திரை காட்டியது. பிறகு காட்டவில்லை. மறுபடி காட்டியது. வயேகாஸ் வந்து, கலின் எழுந்திருக்க முடியாமல் கம்பியைப் பிடித்து, வேறு வழியில்லாமல் இஸ்க்ராவே கை கொடுத்துத் தூக்கிவிட்டு, இருவரும் நடைமேடையில் இறங்கும்வரைக்கும் மகள் எழுதிக்கொண்டே இருந்தாள். பதில் வரவில்லை.